கார்டு அக்காவின் வயிறு

கொஞ்சம் கிட்டே வந்து உட்காருங்கள், கண்ணுகளா. காலை நீட்டிக்கொள்ளுங்கள், முதுகுக்குத் தலையணை வேண்டுமென்றால் எடுத்துக்கொள்ளுங்கள். வயிறு வலித்தால் இங்கேதான் வலிக்கிறது என்று தொட்டுக் காட்ட முடியாத ஒருத்தியின் கதையை இன்றைக்குச் சொல்லப்போகிறேன். நடுவில் யாரும் எழுந்து போகாதீர்கள். பாதியில் விட்டுப் போனால் அவள் அந்த வலியோடேயே கிடப்பாள், பாவம்.

கடல் தாண்டிய ஒரு தேசத்தில், ஒரு பெரிய கட்டடத்தின் பின்பக்கம், மாடிப்படிக்குக் கீழே ஓர் அறை. அதற்குள் மூன்று பெண்கள். ஜன்னல் என்று ஒன்று இருந்தது. திறந்தால் எதிர்க் கட்டடத்து ஏசிப் பெட்டி முகத்தில் அனல் ஊதும் என்பதால் மூடியே கிடக்கும். கட்டில் இரண்டுதான். கடைசியாக வேலை முடித்து வருகிறவளுக்குத் தரை. அதனாலேயே மூன்று பேரும் வேலை முடிந்ததும் ஓட்டமாக ஓடி வருவார்கள். தரையில் படுத்தவள் மறுநாள் மற்ற இருவரையும் நாள் முழுக்கத் திட்டுவாள். அவ்வளவு நல்ல குடித்தனம்.

ஒருத்தி சலவைக் கடையில் இஸ்திரி போடுகிறவள். அவளை இஸ்திரி என்றே கூப்பிட்டார்கள். இன்னொருத்தி ஆபீஸ்களில் தரை துடைக்கிறவள். வாயில் பாதிப் பல்லைக் காணோம், ஆகவே அவளுக்குப் பேர் பல்லழகி. மூன்றாவது ஆள் கார்டு அக்கா. தையல் கம்பெனியில் பித்தான் துளை போடும் மெஷினில் உட்காருகிறவள். வயதில் மூத்தவள். அந்த அறையிலேயே செல்லுபடியாகிற அரசாங்கக் கார்டு அவள் ஒருத்தியிடம்தான் இருந்தது.

மற்ற இரண்டு பேருக்கும் விசா முடிந்து வருஷங்கள் ஓடிவிட்டன. வேண்டுமென்றே சட்டத்தை மீறித் தங்கிவிட்டார்கள் என்று நினைத்துவிடாதீர்கள். இஸ்திரி முதலில் வந்து சேர்ந்த கம்பெனி ஒருநாள் ஷட்டரை இறக்கிவிட்டுப் போய்விட்டது. முதலாளியோடு அவள் பாஸ்போர்ட்டும் போய்விட்டது. சலவைக் கடைக்காரர் நான் எல்லாம் சரி பண்ணித் தருகிறேன் என்றார். அடுத்த மாதம் என்றார். அதற்கடுத்த மாதமும் அதையே சொன்னார். விசா முடிந்த அன்று வானம் ஒன்றும் இடிந்து விழவில்லை. அவள் வழக்கம்போல் காலர் தேய்த்துக்கொண்டிருந்தாள். பிறகுதான் புரிந்தது, இனிமேல் போலீஸ்காரன் ஒருவன் தெருமுனையில் நின்று மூக்கைச் சொறிந்தாலும் தன் நெஞ்சு அடைக்கும் என்று. ஏர்போர்ட் வாசலை மிதித்தால் பிடித்து உள்ளே வைப்பார்கள். பிறகு இந்தப் பக்கம் வராதே என்று முத்திரை குத்தித்தான் அனுப்புவார்கள். ஊரில் தங்கை வீட்டில் வளர்கிற மகளின் படிப்பு இவள் கையிலிருக்கும் இஸ்திரிப் பெட்டியைப் பிடித்துக்கொண்டுதான் ஓடியது. அதனால் கடைக்கும் அறைக்கும் நடுவே உள்ள பின் சந்தைத் தவிர அந்த ஊரில் வேறு தெருவே அவளுக்குக் கிடையாது.

சரி, உடம்புக்கு வந்தால்? அங்கேதான் கார்டு அக்கா வருகிறாள்.

கார்டு இருந்தால்தான் ஆஸ்பத்திரி உள்ளே விடும். ஆகவே யாருக்கு என்ன வந்தாலும் அக்காவின் கார்டை எடுத்துக்கொண்டு போனார்கள். படத்தில் அக்கா கண்ணாடி போட்டிருந்தாள். போகிறவள் அக்காவின் கண்ணாடியை மாட்டிக்கொள்ளுவாள். நம்ம மூஞ்சியெல்லாம் அவங்களுக்கு ஒரே மூஞ்சிதான் என்பாள் பல்லழகி. அது உண்மையாகத்தான் இருந்தது. ஒருமுறை இஸ்திரி அந்தக் கண்ணாடியோடு போய், பவர் தாங்காமல், ஆஸ்பத்திரிக் கண்ணாடிக் கதவில் முட்டி நெற்றி வீங்கி, அதற்கும் சேர்த்து அக்காவின் பேரிலேயே மருந்து போட்டுக்கொண்டு வந்தாள். பல்லழகியின் பற்கள் ஒவ்வொன்றாகப் போனதும் அக்காவின் பேரில்தான். கம்ப்யூட்டர் சொல்வதை நம்பினால் அக்கா இந்நேரம் பொக்கை வாய். நேரில் பார்த்தால் கரும்பு கடிக்கிற பல்வரிசை. இதைச் சொல்லிச் சொல்லி மூன்று பேரும் தலையணையில் வாயைப் புதைத்துச் சிரிப்பார்கள்.

போன வருஷம் இஸ்திரிக்குக் குடல்வால் வீங்கியபோதும் அப்படித்தான். அக்காதான் கைத்தாங்கலாகக் கூட்டிப் போனாள். வாசலில் தன் கண்ணாடியைக் கழற்றி அவளுக்கு மாட்டிவிட்டு, நான் பக்கத்து அறைக்காரி என்று சொல்லிக்கொண்டு, பார்வை மங்கித் தடவித் தடவிக் கூடவே நடந்தாள். ஆபரேஷன் முடிந்து கண் விழித்தவளை நர்ஸ் அக்காவின் பேர் சொல்லிக் கூப்பிட, இவள் திரும்பாமல் கிடக்க, அக்கா காலைக் கிள்ளினாள். அந்தத் தழும்பு இஸ்திரியின் வயிற்றில் இருக்கிறது. ஆனால் அந்த ஆபரேஷன் அக்காவின் கணக்கில் ஏறிவிட்டது.

அதைப்பற்றி யாரும் நினைக்கவில்லை. பல்லைப் பற்றிச் சிரித்தவர்கள், இதையும் ஒரு பல் மாதிரிதான் எண்ணிக்கொண்டார்கள்.

ஒருநாள் காலையில் மெஷினில் உட்கார்ந்திருந்த அக்காவுக்குத் தொப்புளைச் சுற்றி வலித்தது. வாயுப்பிடிப்பு என்று இடுப்புப் பட்டையை இறுக்கிக் கட்டிக்கொண்டு வேலை பார்த்தாள். வலி வலப்பக்கம் கீழே இறங்கியது. வாந்தி வந்தது. சூப்பர்வைசர் துணியெல்லாம் பாழாகும் என்று பயந்து கம்பெனி வண்டியிலேயே கிளினிக்குக்கு அனுப்பிவைத்தார்.

சாயங்காலம் இஸ்திரி வந்து பார்த்தபோது அக்கா கட்டிலில் வலது காலை மடக்கிக்கொண்டு கிடந்தாள். பக்கத்தில் மாத்திரைப் பொட்டலம். டாக்டர் என்ன சொன்னார் என்று கேட்டதற்கு, வயிற்றுப்புண்ணாம், காரம் சாப்பிடக் கூடாதாம் என்று சொல்லிவிட்டு, அந்த வலியிலும் ஒரு சிரிப்புச் சிரித்தாள்.

"கம்ப்யூட்டரைப் பார்த்தாங்க. குடல்வால் ஏற்கனவே எடுத்தாச்சு, அதனால அது இல்லேன்னாங்க. அப்புறம் படுங்க, சட்டையைத் தூக்குங்கன்னாங்க. தூக்கினா அங்க என்னடி இருக்கு? வழவழன்னு வயிறு. உன் தழும்பை எங்க போய்த் தேடுவாங்க?"

"அப்புறம்?"

"காட்ட மாட்டேன்னு சட்டையைப் பிடிச்சுக்கிட்டேன். ரொம்ப வெட்கப்படுறேன்னு நினைச்சுக்கிட்டாங்க. நர்ஸைக் கூப்பிட்டாங்க, அவகிட்டயும் மாட்டேன்னுட்டேன். சட்டைமேலயே ஒரு அழுத்து அழுத்திட்டு மாத்திரை எழுதிக் கொடுத்துட்டாங்க."

பல்லழகி விழுந்து விழுந்து சிரித்தாள். இந்த வயதில் அக்காவுக்கு வந்த வெட்கத்தைப் பாரேன் என்றாள். இஸ்திரிக்குச் சிரிப்பு வரவில்லை. மடக்கிய காலையே பார்த்துக்கொண்டு நின்றாள். அப்படித்தான் தானும் மடக்கிக்கொண்டு கிடந்தாள். மெல்ல, அக்கா, ஒரு தடவை இருமு என்றாள். எதுக்குடி என்றாள் அக்கா. இருமேன் என்றாள். அக்கா இருமினாள். இருமல் பாதியில் அறுந்தது. கண் இரண்டும் பிதுங்கி, தலையணையைக் கடித்துக்கொண்டாள்.

இஸ்திரி சுவரைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள். "அக்கா, எனக்கு வந்ததுதான் உனக்கு வந்திருக்கு."

"தெரியும்" என்றாள் அக்கா.

பல்லழகியின் சிரிப்பு அப்படியே நின்றுபோனது.

பிறகு நடந்த பேச்சையெல்லாம் நான் வரிசையாகச் சொன்னால் உங்களுக்கும் மூச்சு முட்டும். வேறு ஆஸ்பத்திரிக்குப் போகலாமா என்றாள் ஒருத்தி. கார்டைத் தட்டினால் ஊர் முழுக்க ஒரே கதைதானே வரும் என்றாள் இன்னொருத்தி. கார்டு தொலைந்துவிட்டது என்றால்? விரல் ரேகை வைக்கச் சொல்லுவார்கள், அதிலும் இதே கணக்குதான் வரும். கம்ப்யூட்டரில் தப்பாக ஏறிவிட்டது என்று அக்காவே சொன்னால்? அப்படியானால் அங்கே படுத்து அறுத்துக்கொண்டது யார் என்று கேட்பார்கள். கார்டைக் கொடுத்தவளுக்கு ஜெயில், வாங்கியவளுக்கும் ஜெயில். எந்தக் கதவைத் தட்டினாலும் அதன் பின்னால் அதே போலீஸ்காரன்தான் நின்றான். கடைசியில் இஸ்திரி, நான் வந்து சொல்லிவிடுகிறேன் என்றாள். சொல்லும்போதே அவள் குரல் நடுங்கியது. அது அக்காவுக்குக் கேட்டுவிட்டது.

"உன் பொண்ணு பரீட்சை எழுதிட்டு இருக்கா. நீ வாயைத் திறந்தா இந்த அறையே போச்சு. மாத்திரை போட்டிருக்கேன்ல, பார்க்கலாம். வேலைக்குப் போற வழியைப் பாரு."

இங்கே ஒன்று சொல்ல வேண்டும், செல்வங்களே, இஸ்திரியைக் குறைவாக எண்ணாதீர்கள். மறுநாள் காலை அவள் வேலைக்குத்தான் போனாள். போகாமல் இருக்கத் தைரியம் வரவில்லை, பேசவும் தைரியம் வரவில்லை. ஆவி பறக்கிற இஸ்திரிப் பெட்டியைப் பிடித்துக்கொண்டு, யாருடைய சட்டையோ என்று பார்க்காமல் தேய்த்துத் தேய்த்து, ஒரு வெள்ளைச் சட்டையின் முதுகைப் பொசுக்கிவிட்டாள். அவள் கை ஒருநாளும் துணியைப் பொசுக்கியதில்லை. கடைக்காரர் கத்தினார். அவள் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு, சொல்லாமல் கொள்ளாமல் வெளியே வந்துவிட்டாள்.

அறைக்கு ஓடி வந்தால், அக்கா எழுந்து உட்கார்ந்திருந்தாள். முகம் கழுவித் தலை வாரியிருந்தாள்.

வலி போய்விட்டதாம். திடீரென்று, யாரோ உள்ளே ஒரு முடிச்சை அவிழ்த்துவிட்ட மாதிரி, போயே போய்விட்டதாம். அக்காவுக்குத் துணையாக அறையில் இருந்த பல்லழகி கையெடுத்துக் கும்பிட்டாள். நான்தான் சொன்னேனே, மாத்திரை வேலை செய்யும் என்று சொன்னேனே என்றாள். அக்கா வெந்நீர் வாங்கிக் குடித்தாள். வேலையைப் பாதியில் விட்டு வந்ததற்காக இஸ்திரியைத் திட்டக்கூடச் செய்தாள். அந்தத் திட்டைக் கேட்டு இஸ்திரி அழுதாள். மூன்று பேரும் அந்த மதியம் எவ்வளவு சந்தோஷமாக இருந்தார்கள் தெரியுமா? நாளைக்கு நான் தரையில் படுத்துக்கொள்கிறேன், நீ கட்டிலில் படு என்று பல்லழகி தானாகவே சொன்னாள். அப்படி அவள் சொன்னதே கிடையாது.

அது வலி போன சந்தோஷம் இல்லை, கண்ணுகளா. உள்ளே வீங்கியது உடைந்துவிட்டது. உடைந்தால் சற்று நேரம் அப்படித்தான் சுகமாக இருக்கும். அது அவர்களுக்கு எப்படித் தெரியும்?

வெயில் தாழ்வதற்குள் அக்காவுக்குக் குளிர்காய்ச்சல் வந்து பல் கிட்டித்தது. இரண்டு போர்வை போட்டும் கட்டில் ஆடியது. இஸ்திரி வயிற்றில் கை வைத்துப் பார்த்தாள். வயிறு துணி தேய்க்கும் பலகை மாதிரி விறைத்துக் கிடந்தது. அக்காவின் உதடு வெளுத்துப்போயிருந்தது.

"டாக்ஸி கூப்பிடு" என்றாள் இஸ்திரி.

பல்லழகி அசையவில்லை. கதவுக்கும் கட்டிலுக்கும் நடுவே நின்றுகொண்டு, நீ போனால் நான் எங்கே போவேன் என்று கேட்டாள். அதில் கோபம் இல்லை, வெறும் பயம்தான். இஸ்திரி அவள் தோளைப் பிடித்து, "உன் துணிமணியைக் கட்டிக்கிட்டு இப்பவே கிளம்பு. உன் பேரு என் வாயில வராது" என்றாள். பல்லழகி ஒரு நிமிஷம் அவள் முகத்தைப் பார்த்தாள். பிறகு அவளே ஓடிப் போய் டாக்ஸியைக் கூட்டி வந்தாள், அக்காவின் காலைத் தூக்கி வண்டிக்குள் வைத்தாள், கதவை மூடினாள். கும்பிட்டாளா, கண்ணைத் துடைத்தாளா, வண்டிக்குள் இருந்து தெரியவில்லை.

பெரிய ஆஸ்பத்திரி. இஸ்திரி பகல் வெளிச்சத்தில் பெரிய தெருவைப் பார்த்தே எத்தனை காலம். வாசலில் நின்ற காவலாளியின் உடுப்பைக் கண்டதும் பின் சந்துக்கே ஓடிவிடப் பார்த்தாள். அக்காவின் எடை தன் தோள்மேல் இருந்ததால் மட்டும்தான் அவள் உள்ளே நடந்தாள்.

உள்ளே ஒரு டாக்டரம்மா. சின்ன வயசு, காலையிலிருந்து நின்று நின்று வீங்கிய கண். கார்டைத் தட்டினாள், படித்தாள். குடல்வால் எடுத்தாயிற்று என்று அங்கேயும் அதுதான் எழுதியிருந்தது. அந்தப் பெண்மேல் ஒரு குற்றமும் இல்லை. எதிரே இருக்கும் எழுத்தை நம்பாமல் அவள் வேறு எதை நம்புவாள்? வயிற்றைப் பார்க்க வேண்டும் என்றாள். அரை மயக்கத்திலும் அக்காவின் கை சட்டை விளிம்பைப் பிடித்திருந்தது. கெட்டியாக, முட்டி வெளுக்க. டாக்டரம்மா பெருமூச்சு விட்டு, ஸ்கேன் எடுக்கலாம், முன்னால் ஆட்கள் இருக்கிறார்கள், காத்திருங்கள் என்று சொல்லித் திரும்பினாள்.

அந்த ஊர்ப் பாஷையில் இஸ்திரிக்குத் தெரிந்தது சலவைக் கடைச் சொற்கள்தான். சூடு, ஈரம், கறை, சீக்கிரம். அப்புறம் ஒரு முழு வாக்கியம் தெரியும். கடையில் துணிக்குத் துணி ஒரு டோக்கனைக் குத்துவார்கள். ஒருவர் துணியில் இன்னொருவர் டோக்கன் போய்விட்டால் அதுதான் அங்கே பெரிய குற்றம். தப்பு யார் செய்தாலும் வாடிக்கைக்காரரிடம் தலைகுனிந்து சொல்லுவது இவள் வேலை.

அவள் அக்காவின் மேல் குனிந்தாள். "கையை விடுக்கா" என்றாள்.

அக்கா கண்ணைத் திறக்காமல் தலையை ஆட்டினாள். மாட்டேன் என்று.

"உன் கார்டும் வேணாம், என் வேலையும் வேணாம். நீ இருக்கணும். விடுக்கா."

விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தாள். அக்காவின் சட்டையைத் தூக்கினாள். தழும்பில்லாத வயிறு. பிறகு எல்லோரும் பார்க்க, காவலாளி பார்க்க, தன் சட்டையையும் தூக்கினாள். வலப்பக்கம் கீழே, தையல் போட்ட தழும்பு. டாக்டரம்மாவைப் பார்த்து, தனக்குத் தெரிந்த அந்த ஒரே வாக்கியத்தைச் சொன்னாள்.

"டோக்கன் மாறிப்போச்சு."

டாக்டரம்மா ஒரு வயிற்றைப் பார்த்தாள், மறு வயிற்றைப் பார்த்தாள், கம்ப்யூட்டரைப் பார்த்தாள். அக்காவின் வயிற்றில் கையை வைத்தவள் அடுத்த நொடி ஏதோ உரக்கச் சொன்னாள். எங்கிருந்தோ நாலு பேர் ஓடி வந்தார்கள். கட்டில் சக்கரத்தோடு உருண்டு கதவுக்கு அந்தப் பக்கம் போய்விட்டது.

இஸ்திரி தனியாக நின்றாள். காவலாளி போன் பேசப் போயிருந்தான். வாசல் திறந்து கிடந்தது. ஓடியிருக்கலாம், ஒருவரும் தடுத்திருக்க மாட்டார்கள். கால் வாசல் பக்கம் திரும்பவும் செய்தது.

ஆனால் அதற்குள் டாக்டரம்மா அவளைக் கூப்பிட்டு ஒரு நாற்காலியில் உட்காரவைத்தாள். கம்ப்யூட்டரை இவள் பக்கம் திருப்பி, ஒவ்வொரு வரியாகத் தொட்டு, அது என்ன என்று கையால் நடித்துக் காட்டி, இது யார், இது யார் என்று கேட்டாள். ரத்த வகை? நான் என்று நெஞ்சைத் தொட்டாள் இஸ்திரி. பல்? வேறு ஆள். ஓர் ஊசி போட்டு உடம்பெல்லாம் வீங்கியதாக இருக்கிறதே, அது அந்த அம்மாவா? இல்லை, அதுவும் வேறு ஆள். அந்த ஆள் எங்கே? ஊருக்குப் போய்விட்டாள் என்று கையால் விமானம் பறக்கவிட்டாள். அந்தப் பொய்யை மட்டும் அவள் தயங்காமல் சொன்னாள். அப்படியே ஒன்று ஒன்றாக, மூன்று பேர் உடம்பையும் பிரித்துப் பிரித்து எடுத்து வைத்தாள். இவள் இல்லாவிட்டால் உள்ளே அக்காவுக்கு எந்த மருந்தைக் கொடுக்கலாம், எதைக் கொடுக்கக் கூடாது என்று சொல்ல அந்த ஊரில் ஒரு நாதியும் இல்லை. முடித்தபோது வாசலில் இரண்டு உடுப்புக்காரர்கள் வந்து நின்றிருந்தார்கள்.

அவர்களில் ஒருவர் வயதானவர். எழுந்திரு என்று சைகை செய்தார். இஸ்திரி ஆபரேஷன் கதவைக் காட்டினாள். காலில் விழப் போனாள். அவர் பின்னால் நகர்ந்துகொண்டார். டாக்டரம்மா ஏதோ சொன்னாள். அவர் கடிகாரத்தைப் பார்த்தார், தொப்பியைக் கழற்றினார், இவளுக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார். மற்றவர் நின்றுகொண்டார். மூன்று பேரும் அந்தக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். இஸ்திரியின் போன் அடித்தது. மகள் அழைக்கிற நேரம். உடுப்புக்காரர் எடு என்று தலையசைத்தார். எடுத்தால் என்ன சொல்லுவாள்? ஓயும்வரை அதைக் கைக்குள் பொத்தி வைத்துக்கொண்டாள்.

கதவு திறந்தபோது ஜன்னலுக்கு வெளியே விளக்கு எரிந்துகொண்டிருந்தது. நர்ஸ் வெளியே வந்து நீளமாக ஏதோ சொன்னாள். இஸ்திரிக்கு ஒரு வார்த்தையும் புரியவில்லை. பெரியவர்தான் கன்னத்தில் கை வைத்துத் தூங்குவதுபோல் காட்டி, பிறகு மூச்சை நன்றாக இழுத்து விட்டுக் காட்டினார். உயிர் இருக்கிறது. ஆபத்து இன்னும் தாண்டவில்லை என்று நர்ஸின் முகம் சொன்னது. அதைச் சைகையில் காட்ட அவருக்கு மனசு வரவில்லை.

பார்க்க முடியுமா என்று கேட்டாள். முடியாது என்றார்கள்.

அவள் எழுந்து சட்டையை இழுத்து விட்டுக்கொண்டு, அவர்களோடு நடந்தாள். உடுப்புக்காரர்கள் போய்ப் பார்த்தபோது, அறையில் பல்லழகி கட்டிலைக்கூடத் துடைத்துவிட்டுப் போயிருந்தாளாம். அக்கா பிழைத்து, பல நாள் கிடந்து, கார்டு பறிபோய், ஒரு பையோடு ஊர் போய்ச் சேர்ந்தது, உள்ளே இருந்துவிட்டு முத்திரை குத்தி அனுப்பப்பட்ட இஸ்திரிக்கு ரொம்ப நாள் கழித்துத்தான் தெரியும். பணம் வருவது நின்றுபோய், மகள் அந்த வருஷம் பரீட்சையைப் பாதியில் விட்டுவிட்டாள். அதற்காக அவள் அம்மாவோடு வெகுகாலம் பேசவில்லை. அதையும் மறைக்காமல் சொல்லிவிட்டேன்.

போய் வாருங்கள், என் கண்ணுகளா. உங்கள் வீட்டில் நோய்நொடி அண்டாமல் இருக்கட்டும். அண்டினாலும், எங்கே வலிக்கிறது என்று கேட்க ஓர் ஆள் பக்கத்தில் இருக்கட்டும். உங்கள் வீட்டுப் பிள்ளைகள் எந்தக் கரைக்குப் போனாலும் தங்கள் பேரிலேயே உண்டு, தங்கள் பேரிலேயே உறங்கி, முழுசாக வீடு வந்து சேரட்டும். உங்கள் அடுப்பு அணையாமல், வாசல் அடையாமல், எல்லோரும் நன்றாக இருங்கள்.